அண்ணனுக்கு டைப் 1 சர்க்கரை... தங்கைக்கும் வருமா?

குழந்தைக்கு டைப் 1 சர்க்கரைநோய் என்று டாக்டர் சொல்கிற நாளில் பெற்றோருக்கு எதுவும் மனதில் நிற்பதில்லை. இன்சுலின், ஊசி, குளுக்கோமீட்டர், ‘வாழ்நாள் முழுக்க’ என்று காதில் விழுகிற எல்லாமே கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள்கள் கழித்து, ஊசி போடக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் அம்மாதான் கேட்பார். அதுவும் குழந்தையின் காதில் விழாத குரலில்...

“டாக்டர், வீட்ல சின்னவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் வந்துடுமா?”

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு டைப் 1 சர்க்கரைநோய் இருந்தால், அதன் உடன்பிறந்தவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 100-ல் 5. அதாவது, இப்படி உடன்பிறந்த 20 பேரை எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு வரலாம். 19 பேருக்கு வராது.

இந்த எண்ணைக் கேட்டதும் சிலருக்கு நிம்மதி வரும், சிலருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டுமே முழுமையான பதில் இல்லை. இந்த 5-ஐ எப்படிப் புரிந்துகொள்வது, அதை வைத்து வீட்டில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதுதான் முக்கியம்.

தாத்தாவின் சர்க்கரை வேறு, பேரனின் சர்க்கரை வேறு!

நம் வீடுகளில் சர்க்கரைநோய் என்றாலே நினைவுக்கு வருவது தாத்தா, பாட்டிக்கு இருக்கும் டைப் 2. அதனால் குழந்தைக்கு வந்துவிட்டால், ‘உங்க பக்கத்து வியாதி’, ‘எங்க பக்கம் யாருக்கும் இல்லை’ என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். ‘சாக்லேட்டா வாங்கிக் கொடுத்தீங்களே’ என்று அம்மாவின் தலையில் பழி விழும்.

டைப் 1 வேறு வகை நோய். கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், தவறுதலாகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் உடலால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. எனவே, வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியே ஆக வேண்டும். இனிப்பு சாப்பிட்டதால் இது வருவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சர்யமாக இருக்கும். டைப் 1 சர்க்கரைநோய் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் 100-க்கு 85 முதல் 90 பேரின் குடும்பத்தில் அதற்கு முன்பு யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. ‘யார் பக்கத்திலிருந்து வந்தது’ என்ற விசாரணைக்கு இங்கே வேலையே இல்லை.

மூன்று வீடுகள், மூன்று கதைகள்

பிரியங்கா சோப்ராவின் கணவராக நமக்கு அறிமுகமான அமெரிக்கப் பாடகர் நிக் ஜோனஸுக்கு, 2005-ல், 13 வயதில் டைப் 1 கண்டறியப்பட்டது. அண்ணன்களுடன் சேர்ந்து ‘ஜோனஸ் பிரதர்ஸ்’ இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டே வாரங்களில் ஏறத்தாழ 7 கிலோ எடை குறைந்திருந்தது. ஓயாத தாகம், காரணமில்லாத எரிச்சல் வேறு. ‘ஏதோ சரியில்லை’ என்று கவனித்தவர்கள் அவருடைய சகோதரர்கள்தான். வீட்டில் மொத்தம் நான்கு ஆண் பிள்ளைகள். டைப் 1 என்று அறியப்பட்டிருப்பவர் நிக் மட்டுமே. 100-ல் 95 என்ற பெரும்பான்மைக் கணக்கில் வரும் வீடு இது.

இன்னொரு வீடு, ஆரோன் கோவால்ஸ்கியின் வீடு. டைப் 1 ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ‘பிரேக்த்ரூ டி1டி’ என்ற அமெரிக்க அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரி இவர். 1977-ல் இவருடைய தம்பிக்கு 3 வயதில் டைப் 1 வந்தது. வீட்டிலேயே ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவிகள் பரவலாகாத காலம். சிறுநீரைச் சோதித்துத்தான் அளவை ஊகிக்க வேண்டும். 7 ஆண்டுகள் கழித்து, 1984-ல், 13 வயதில் ஆரோனுக்கும் வந்துவிட்டது. முதலில் தம்பிக்கு, பிறகு அண்ணனுக்கு! சர்க்கரை ஆபத்தாகக் குறைந்து தம்பி பட்ட அவஸ்தையைப் பார்த்து வளர்ந்த ஆரோன், மரபணுவியல் படித்து, சர்க்கரை அளவுக்கு ஏற்ப இன்சுலினைத் தானே செலுத்தும் ‘செயற்கைக் கணையம்’ உருவாவதற்கான முயற்சிகளில் முன்னணியில் நின்றார்.

மூன்றாவது, ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி டக்ளஸ் மெல்டனின் வீடு. தவளை முட்டைகளை வைத்துக் கரு வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991-ல் அவருடைய மகனுக்கு, கைக்குழந்தையாக இருந்தபோதே டைப் 1 என்று தெரிந்தது. மெல்டன் தன் ஆராய்ச்சியையே கணையத்தின் பக்கம் திருப்பினார். பத்து ஆண்டுகள் கழித்து, 2001-ல், 14 வயது மகளுக்கும் அதே நோய் வந்தது.

இந்த வீடுகளிலிருந்து இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. இரண்டு, வருவதாக இருந்தாலும் அது மூத்தவர், இளையவர் என்ற வரிசையிலோ, அதே வயதிலோ வர வேண்டும் என்று இல்லை. ‘அண்ணனுக்கு 5 வயதில் வந்தது, இவளுக்கு 6 வயதாகிவிட்டது, தப்பித்தோம்’ என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பிறந்தநாளையும் பயத்தோடு எண்ணவும் தேவையில்லை.

யாருக்கு எவ்வளவு வாய்ப்பு?

அமெரிக்கா, ஐரோப்பாவில் பல ஆண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்குகள் இவை.

* குடும்பத்தில் யாருக்கும் டைப் 1 இல்லை - ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு
* உடன்பிறந்த ஒருவருக்கு இருக்கிறது - ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு
* அப்பாவுக்கு இருக்கிறது - ஏறத்தாழ 17 பேரில் ஒருவருக்கு
* அம்மாவுக்கு இருக்கிறது, 25 வயதுக்கு முன் குழந்தை பெற்றார் - ஏறத்தாழ 25 பேரில் ஒருவருக்கு
* அம்மாவுக்கு இருக்கிறது, 25 வயதிலோ அதற்குப் பிறகோ குழந்தை பெற்றார் - ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு
* உருவ ஒற்றுமையுள்ள இரட்டையரில் ஒருவருக்கு இருக்கிறது - 100-ல் 30 முதல் 50 பேருக்கு

முதல் இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உடன்பிறந்தவருக்கான வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 15 மடங்கு அதிகம். ‘15 மடங்கு’ என்று மட்டும் கேட்டால் பதறிப்போவோம். ‘100-ல் 95 பேருக்கு வராது’ என்று கேட்டால் நெஞ்சு லேசாகும். இரண்டும் ஒரே உண்மைதான். கூகுளில் தேடும்போது முதல் வாக்கியம் மட்டும் கண்ணில் பட்டால், இரண்டாவதையும் சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது.

முதல் குழந்தைக்கு மிகச் சிறு வயதிலேயே நோய் வந்திருந்தால், உடன்பிறந்தவர்களுக்கான வாய்ப்பு சற்று கூடுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரே அம்மா, ஒரே அப்பா... ஒருவருக்கு மட்டும் ஏன்?

நம் செல்களில் உள்ள 6-வது குரோமோசோமில் ‘ஹெச்எல்ஏ’ என்ற மரபணுத் தொகுப்பு இருக்கிறது. எது நம் உடல், எது அந்நியக் கிருமி என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்ட உதவுவது இதுதான். இதில் சில வகைகள் இருந்தால் டைப் 1 வரும் வாய்ப்பு அதிகம். சில வகைகளோ பாதுகாப்பு தருகின்றன.

அம்மாவிடம் இந்தத் தொகுப்பு இரண்டு இருக்கும்; அப்பாவிடமும் இரண்டு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று கிடைக்கும். எது கிடைக்கும் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிதான். எனவே, இரண்டு பிள்ளைகளுக்கும் அதே இரண்டு தொகுப்புகள் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒன்று மட்டும் ஒத்துப்போகும் வாய்ப்பு பாதி. இரண்டுமே மாறிப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

நோயுள்ள குழந்தையோடு இரண்டு தொகுப்புகளும் ஒத்துப்போகிற தம்பி, தங்கைக்கு வாய்ப்பு 100-ல் ஏறத்தாழ 15. ஒன்று மட்டும் ஒத்துப்போனால் ஏறத்தாழ 5. இரண்டுமே வேறாக இருந்தால் 1 அல்லது 2. ‘100-ல் 5’ என்பது இந்த மூன்று வகைப் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி.

ஆனால், மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அதற்குச் சாட்சி இரட்டையர்கள். உருவ ஒற்றுமையுள்ள இரட்டையருக்கு மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றே. ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கும் வந்தாக வேண்டும் அல்லவா? பல ஆண்டுகள் ஆகியும் வராத இரட்டையர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். உலகிலேயே டைப் 1 அதிகம் உள்ள நாடு ஃபின்லாந்து. அங்கேயும் 1950-களுக்குப் பிறகு குழந்தைகளிடம் இந்த நோய் பல மடங்கு கூடியது. ஐம்பது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு அவ்வளவு மாறிவிடாது. ஆக, வெளியிலிருந்து ஏதோ ஒன்றும் சேர்ந்துதான் இந்த நோயைத் தூண்டுகிறது. குடலைத் தாக்கும் சில வகை வைரஸ்கள் மீது விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் இருக்கிறது.

பெற்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ‘நாம் எதையோ செய்யாமல் விட்டதால் வந்தது’ என்ற குற்ற உணர்வுக்கு இங்கே இடமில்லை.

இரண்டு பேருக்கும் இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குச் சர்க்கரைநோய் இருந்தால், ‘இது டைப் 1 தானா?’ என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்பது பயனுள்ளது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் கோளாறால் வருகிற சர்க்கரைநோய்களும் உண்டு. அவற்றில் உடன்பிறந்தவருக்கான கணக்கே வேறு.

‘மோடி’ என்ற வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ‘உல்ஃப்ரம் சிண்ட்ரோம்’ என்ற அரிய நோயில், பெற்றோர் இருவருமே கோளாறுள்ள மரபணுவைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சர்க்கரையோடு பார்வையும், சில நேரம் காது கேட்கும் திறனும் குறைவது இதன் அடையாளம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இப்படிப்பட்ட நோய்களுக்கான வாய்ப்பு அதிகம் என்பதால், தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் இருக்கிறது.

பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரைநோய் கண்டறியப்பட்டால், மரபணுப் பரிசோதனை கட்டாயம் தேவை என்கிறது மருத்துவம். காரணம், இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இன்சுலின் ஊசிக்குப் பதிலாக மாத்திரையே போதுமானதாக இருக்கும். சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இப்படிப்பட்ட மரபணுப் பரிசோதனைகளைச் செய்துவருகிறது. ஆனால், டாக்டர் பார்த்து மாற்றிக் கொடுக்கும் வரை இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். டைப் 1 ஒரே நாளில் வருவதில்லை. பீட்டா செல்கள் மீதான தாக்குதல், தாகமும் எடைக்குறைவும் தெரிவதற்குப் பல மாதங்கள், ஏன், சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். அப்போது ரத்தத்தில் சில ஆன்டிபாடிகள் தென்படும். முக்கியமானவை நான்கு: ஜிஏடி, ஐஏ-2, இன்சுலினுக்கு எதிரானது, துத்தநாகக் கடத்தியான ‘ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8’-க்கு எதிரானது.

இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ ஒரு குழந்தைக்கு இருந்தால், சர்க்கரை அளவு நார்மலாக இருந்தாலும் அது டைப் 1-ன் முதல் கட்டம் என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கு 10 ஆண்டுகளில் நோய் வெளிப்படுகிறது. சர்க்கரை அளவு லேசாகத் தடுமாறத் தொடங்குவது இரண்டாம் கட்டம். அறிகுறிகளோடு ஆஸ்பத்திரிக்கு வருவது மூன்றாம் கட்டம்.

‘தெரிந்து என்ன ஆகப் போகிறது?’ என்பது நியாயமான கேள்வி. முன்பு இதற்குப் பெரிய பதில் இல்லை. 2019-ல் நிலைமை மாறியது. டைப் 1 உள்ளவர்களின் ரத்த உறவினர்களில், இரண்டாம் கட்டத்தில் இருந்த 76 பேரிடம் ‘டெப்லிசுமாப்’ என்ற மருந்து சோதிக்கப்பட்டது. 14 நாள்கள் நரம்பு வழியே ஏற்றப்படும் மருந்து இது. இதை எடுத்துக்கொண்டவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாகவே நோய் வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்க அரசு இதை 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. டைப் 1-ஐத் தள்ளிப்போட அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து இதுதான். அடுத்த ஆண்டே, எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வழிவகுக்கும் சட்டத்தை இத்தாலி நிறைவேற்றியது.

மருந்து கைக்கு எட்டாத இடத்திலும் பரிசோதனையால் ஒரு நன்மை உண்டு. வரப்போவது தெரிந்த வீட்டில், குழந்தை மயங்கி விழுந்து ஐசியுவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை பெரும்பாலும் வருவதில்லை.

அதே நேரம், எல்லா வீட்டுக்கும் இது ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், அந்தத் தகவலோடு பல ஆண்டுகள் வாழ வேண்டும். நெகட்டிவ் என்று வந்தாலும், சிறு குழந்தையாக இருந்தால் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டியிருக்கலாம். குழந்தைகளுக்கான சர்க்கரைநோய் மருத்துவரிடம் பேசி, கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், இவற்றை உடன்பிறந்த பிள்ளையிடம் கவனியுங்கள்.

* அடிக்கடி சிறுநீர் கழிப்பது. படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன குழந்தை மறுபடி நனைப்பது. சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பது.
* எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம். இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்பது.
* நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போவது.
* விளையாட்டில் நாட்டமில்லாமல் சோர்ந்து கிடப்பது, எரிச்சல்படுவது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரில் புது ஊசி மாற்றி, உடனே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறிகுறியோடு 200-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ‘நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழம் அழுகியது போன்ற வாடை... இவை அவசர நிலையின் அறிகுறிகள். அஜீரணம், வீசிங் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்தால் நேரம் கைமீறிப்போகும். அண்ணனின் இன்சுலினை நீங்களாகவே தங்கைக்குப் போடவும் கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு, பயத்தால் தினமும் விரலைக் குத்திப் பார்ப்பது வேண்டாம். அந்தக் குத்தல் நோயைத் தடுக்காது, பயத்தைத்தான் வளர்க்கும்.

நோய் இல்லாத பிள்ளைக்கும் ஒரு மனசு உண்டு

ஊசி, உணவு, இரவு விழிப்பு என்று வீட்டின் முழுக் கவனமும் ஒரு பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிடும்போது, இன்னொரு பிள்ளை ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். ‘அண்ணனுக்கு மட்டும் ராத்திரி ஜூஸ் கொடுக்கறீங்க’ என்ற பொறாமை, ‘நான் அவனோட சண்டை போட்டதாலதான் வந்துச்சோ’ என்ற குற்ற உணர்வு, ‘எனக்கும் வருமா’ என்ற பயம்... இத்தனையும் சேர்ந்து அந்தச் சின்ன மனதில் ஓடும். பல பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதே இல்லை.

கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ‘உனக்கு வரவே வராது’ என்று சத்தியம் செய்ய வேண்டாம். ‘வராமல் இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஒருவேளை வந்தாலும் நமக்கு என்ன செய்யணும்னு தெரியும்’ என்று சொன்னால் போதும். அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்தால் எப்படி இருப்பான், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஆனால், அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரமாவது சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் அந்தப் பிள்ளையோடு மட்டும் இருங்கள்.

‘ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதே, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா?’ என்று தயங்குகிற தம்பதியரும் உண்டு. 100-ல் 5 என்ற வாய்ப்பை மட்டும் காரணமாக வைத்து அடுத்த குழந்தையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மெல்டன் வீட்டுக் கதையின் மிச்சம்

இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வந்த பிறகு, டக்ளஸ் மெல்டன் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. 2014-ல் அவருடைய குழு, மனித ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியது. மகன், மகள் இருவரின் பெயர்களையும் இணைத்து ‘செம்மா’ என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 2019-ல் அதை ‘வெர்டெக்ஸ்’ என்ற மருந்து நிறுவனம் வாங்கியது.

அந்த வழியில் தயாரான செல்கள் மனிதர்களுக்குச் செலுத்தப்பட்ட சோதனையின் முடிவு 2025-ல் வெளியானது. முழு அளவு செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு, ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. செலுத்திய செல்களை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பது இதில் உள்ள சிக்கல். எனவே, குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சையாக இது வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

அதுவரை நம் வீடுகளில் இருப்பது இன்சுலின், குளுக்கோமீட்டர், பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற நம் கண்கள். முதல் குழந்தைக்கு வந்தபோது, அந்தத் தாகத்துக்கும் இளைப்புக்கும் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அந்த மூத்த பிள்ளைக்கும் தெரியும். சின்னவள் ஒரே இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கேட்டால், ‘அம்மா, இவளுக்கு ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்க’ என்று முதலில் சொல்லப்போவதும் அவனாகவே இருக்கலாம்.